நிறைகுடத்தோடு ஊற்றுக்குப் போனவள்

ஜூலை 2, திங்கள்
காலை 142/90. மாலை 166/100.

இந்த நோட்டை டாக்டர் அம்மா கொடுத்தது ரத்த அழுத்தத்தை எழுதி வைக்க. காலையில் இரண்டு எண், மாலையில் இரண்டு எண், அதற்குமேல் ஒரு எழுத்தும் வேண்டாம் பெர்னதெத் என்றுதான் சொன்னார். ஆனால் மாலை அளவு ஏன் இப்படி எகிறியது என்று அவரே கேட்பார் இல்லையா? அதனால் காரணத்தையும் எழுதி வைக்கிறேன்.

டப்பா கிடைத்துவிட்டது!

திங்கட்கிழமை எங்கள் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கரையான் மருந்து அடிக்க ஆட்கள் வந்ததால் நான் கூடவே நின்றேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் டாக்டர் மோரெலின் மருந்து அலமாரியைச் சுவரைவிட்டு நகர்த்தியபோது பின்னால் ஏதோ தொப்பென்று விழுந்தது. துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. உள்ளே பிரெஞ்சுச் செய்தித்தாளில் சுற்றிய ஆறு சில்லுகள். ஐந்து வெறும் கறுப்பு. ஆறாவதில் அழுக்குக்கும் சுண்ணாம்புப் படிவுக்கும் அடியில் ஒரு பெண்ணின் காதும் கழுத்தும் தெரிந்தன. நான் போட்ட சத்தத்தில் மருந்து அடிக்க வந்தவர் பாம்பு என்று நினைத்து மேசைமேல் ஏறிவிட்டார்.

டாக்டர் அம்மாவுக்குப் புரிய வேண்டுமென்றால் குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரேக்கக் குடம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் பழையது. செம்மண் நிறக் குடத்தின்மேல் கறுப்பில் உருவங்கள். கண், காது, துணி மடிப்பு எல்லாம் கூர்முனையால் கீறியவை. பெண்களின் முகத்துக்கும் கைக்கும் மட்டும் மேலே வெள்ளை பூசியிருக்கிறார்கள், அது முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. தூக்க இரண்டு கைப்பிடி, ஊற்ற ஒன்று. தண்ணீர்க் குடத்தின்மேலேயே தண்ணீருக்குப் போகும் பெண்களை வரைந்து வைத்திருக்கிறான் அந்தக் குறும்புக்காரன். மொத்தம் ஐந்து பேர். இடப்புறத்திலிருந்து மூன்று பேர் ஊற்றுக்குப் போகிறார்கள். நான்காமவள் அவர்களுக்கு எதிரே திரும்பி வருகிறாள். ஐந்தாமவள் வலது ஓரத்தில், கல் சிங்கத்தின் வாயிலிருந்து விழும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மண்ணிலிருந்து எடுத்த அழுக்கும் சுண்ணாம்புப் படிவும் மூடியபடியே டாக்டர் மோரெல் இதை நேப்பிள்ஸில் வாங்கிப் புதுச்சேரிக்குக் கப்பலில் கொண்டுவந்தார். இறக்கும்போது பெட்டி விழுந்து குடம் நொறுங்கியது. ஒரு நூற்றாண்டு மூட்டைக்குள் கிடந்ததை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒட்டியவள் நான். எண்பத்தேழு சில்லுகள். எண்பத்தாறு சொன்னபடி கேட்டன. ஒன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது, அதையும் தாஜா பண்ணி உட்கார வைத்தேன். எங்கள் டிக்கெட்டில், வாசல் பலகையில், அஞ்சலட்டையில் எல்லாம் இருக்கிறாளே, ஊற்றை நோக்கி நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்க்கிறவள், அவள்தான் நடுவிலிருக்கும் மூன்றாமவள். எங்கள் ஊரில் கிரேக்கம் என்றாலே அவள் முகம்தான்.

நான்காமவளுக்கு மட்டும் தலை இல்லை. அந்த இடத்தைப் பிளாஸ்டர் வைத்து அடைத்திருக்கிறேன். இன்று டப்பாவில் கிடைத்தது அவள் தலை! வேறு யாருடையதாக இருக்க முடியும்?

பன்னிரண்டாம் தேதி பிரான்ஸிலிருந்து மதாம் ரூவோ வருகிறார். குடத்தைப் பரிசோதித்துத் திருப்தியானால் லியோனில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு எடுத்துப்போவார்கள். குடத்தோடு அதை ஒட்டியவளும் போக வேண்டும் என்று கடிதத்திலேயே இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பாரீஸில் சித்தப்பா இருக்கிறார். நான் இன்னும் விமானத்தில் ஏறியதில்லை. அது பரவாயில்லை. வாழ்நாள் முழுக்கக் கிரேக்கக் குடம், கிரேக்கக் குடம் என்று பேசுகிற நான் இந்த ஒரு குடத்தைத் தவிர இன்னொன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அங்கே ஒரே கூடத்தில் நாற்பது இருக்குமாம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் டாக்டர் அம்மா. வேறு ஆசை எனக்கு இல்லை.

ஜூலை 3, செவ்வாய்
150/94. மாலையில் மறந்துவிட்டேன்.

எங்கள் இயக்குநர் லூர்துநாதன் சார் அதற்குள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய விழாவன்று ‘தலை கிடைத்த பெண்’ பொதுமக்கள் பார்வைக்கு வருவாளாம். இன்னும் சில்லைக் கழுவக்கூட இல்லை சார் என்றேன். கழுவினால் தலை வேறாகிவிடுமா என்று கேட்டார்.

மீன்காரியிடம் வஞ்சிரம் வாங்கினேன். சந்தோஷத்தில் பேரம் பேச மறந்தேன். அவள்தான் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள்.

ஜூலை 4, புதன்
148/92. மாலை 160/98.

நாள் முழுக்கச் சில்லோடு இருந்தேன். பஞ்சுக் குச்சியை நனைத்து ஒரு கடுகளவு இடம் துடைப்பேன், காய விடுவேன், உருப்பெருக்கியில் பார்ப்பேன், மறுபடி ஒரு கடுகளவு. பதினொரு மணிக்குக் கண் வந்தது. எவ்வளவு அழகான கண், இரண்டே கீறல்! சாப்பாட்டுக்கு அப்புறம் மூக்கு. மூன்று மணிக்குத் தலைமேல் சும்மாடு, அதன்மேல் குடம். நான் கை தட்டிவிட்டேன். தனியறையில் தனக்குத்தானே கை தட்டிக்கொண்டவள் என்று பெயர் வாங்கினாலும் சரி.

ஒரே ஒரு சின்ன விஷயம். நான்காமவள் உடம்பு இடப்பக்கம் பார்க்கிறது. இந்தத் தலை வலப்பக்கம் பார்க்கிறது. குடமும் நிமிர்ந்து நிற்கவில்லை, தலைமேல் படுத்துக் கிடக்கிறது. காலிக் குடத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

அதனால் என்ன? இவளும் மூன்றாமவளைப் போலவே திரும்பிப் பார்க்கிறாள்! ஒரே குடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தால் அது அந்த ஓவியனின் கையெழுத்து மாதிரி. மதாம் ரூவோ துள்ளிக் குதிப்பார். குடம் காலியாக இருப்பதற்கும் காரணம் சொல்லலாம், அன்றைக்கு ஊற்றில் தண்ணீர் நின்றுபோயிருக்கும். எங்கள் தெருவில் தினமும் நடக்கிற கூத்துதானே.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் கஸ்பாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தண்ணி இல்லன்னா அந்த அஞ்சாவது பொண்ணு எதப் புடிச்சிக்கிட்டு நிக்கிது?” என்றார். அவருக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஜூலை 5, வியாழன்
154/96. மாலை 168/102.

படம் எடுக்க மாசிலாமணி வந்தான். எங்கள் புகைப்படக்காரன், நாற்பது வயசு, வாய் மட்டும் ஊர் அளவு. குடத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்து, கணினியில் பெரிதாக்கி, ஐந்து பெண்களையும் வரிசையாகப் பரப்பி வைத்தான். அப்புறம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அவன் சும்மா இருந்தால் வம்பு வருகிறது என்று அர்த்தம்.

“அக்கா, தப்பா நெனைக்காத. மொத ரெண்டு பொண்ணும் ஊத்துக்குப் போவுது, குடத்தப் படுக்கப் போட்டிருக்குது. சரி, காலிக் குடம். மூணாவதா போற நம்ம பொண்ணு மட்டும் குடத்த நிமித்தி வச்சிருக்குது. அப்ப அது நெறகுடம். கொல்லன் தெருவுக்கு ஊசி விக்கப் போன மாதிரி, ஊத்துக்கே தண்ணி சுமந்துக்கிட்டா போவுது?”

நான் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷமாகப் பார்வையாளர்களுக்குச் சொல்லும் பதிலை அவனுக்கும் சொன்னேன். அவள் குறும்புக்காரி, தோழிகளிடம் தன் நடையைக் காட்டுவதற்காகக் காலிக் குடத்தையே நிமிர்த்தி வைத்துக்கொண்டு போகிறாள், அதனால்தான் அவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

மாசிலாமணி, “கத நல்லாத்தான் இருக்குது. ஆனா புதுசா கெடச்ச தல போற பொண்ணோடது, நம்ம பொண்ணு தல வர்ற பொண்ணோடது. ரெண்டையும் மாத்தி வச்சிட்டா கதையே வேணாமே” என்றான்.

படம் எடுக்க வந்தவன் படம் எடுத்தால் போதும் என்று கத்திவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஜூலை 6, வெள்ளி
158/98. மாலை 172/104.

மனசில் ஒன்றுமில்லை. நிம்மதியாக இருக்கிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன். அளவு ஏன் ஏறுகிறது என்று தெரியவில்லை, இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு.

ஜூலை 7, சனி
164/100.

மழைக்குப் பின்கட்டுக் கதவு ஊதிப்போய்ச் சாத்த மாட்டேன் என்கிறது. கஸ்பார் காலையிலிருந்து உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரக், சரக், சரக். பல்லைக் கடித்துப் பொறுத்தேன். பதினொரு மணிக்கு மேல் முடியவில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள் என்று அடுக்களையிலிருந்து அலறினேன். தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கதவு அரைகுறையாக நிற்கிறது.

மத்தியானம் அருங்காட்சியகம் போனேன். நான்காமவளின் கழுத்தில் இருந்த பிளாஸ்டரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சில்லை வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. தலைகீழாகத் திருப்பினாலும் உட்காரவில்லை. இரண்டு உடைந்த விளிம்புகள் ஒன்றுக்கொன்று சொந்தமென்றால் கை சொல்லிவிடும். பக்கத்தில் கொண்டுபோனாலே பிடித்து இழுக்கும். இது எனக்கும் உனக்கும் என்ன என்று நின்றது.

ஜூலை 8, ஞாயிறு

டாக்டர் அம்மா, இந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிடுங்கள்.

பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வரிசையில் நின்றேன். சாமியார் முன்னால் முழங்காலிட்டுவிட்டுக் கோபப்பட்டேன் சாமி, வீட்டுக்காரரிடம் கத்தினேன் சாமி என்று எதையோ உளறிவிட்டு எழுந்துவிட்டேன். சில்லு பற்றி அவருக்கு என்ன புரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிடும் என்பதுதான் பயம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நிரந்தர வேலை இல்லை. முதல்முதலாகக் குடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் நாள் குறித்தாகிவிட்டது. இரண்டு நாள் மிச்சம், ஒரு தலை மிச்சம். குடத்தின் நட்ட நடுவில் மூன்றாமவள் தலையில்லாமல் நின்றாள். அப்போதிருந்த இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, முண்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு விருந்தாளிகளை வரவேற்பதா என்று முகம் சுளித்தார். மிச்சமிருந்த அந்தத் தலையை நான் நான்காமவளின் கழுத்தில் வைத்துப் பார்த்தேனா? பார்த்தேன். பொருந்தியதா?

பொருந்தியது. அலுங்காமல் போய் உட்கார்ந்தது. நகத்தை வைத்துத் தடவினால்கூடத் தட்டவில்லை.

அதை எடுத்து மூன்றாமவளின் தோளில் வைத்தேன். கீழ் இடது மூலை இடித்தது. மேசையில் பிளாஸ்டர் தேய்க்க வைத்திருந்த உப்புத்தாள் இருந்தது. சில்லின் விளிம்பைத் தேய்க்கக் கூடாது என்பது இந்த வேலையில் சேரும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. விளிம்புதான் சில்லின் விலாசம், அதை அழித்தால் அது எங்கே பிறந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. நான் தேய்த்தேன். சரக், சரக், நூறு தடவை இருக்கும். உட்கார்ந்துவிட்டது. திரும்பிப் பார்க்கிறவள் பிறந்தாள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

சொல்லச் சொல்லப் பொய்யும் வேர் பிடிக்கும். பத்து வருஷத்துக்கு அப்புறம் நானே அவளை நம்பிவிட்டேன். டப்பாவைத் திறந்து காதையும் கழுத்தையும் பார்த்ததும் ஏன் அப்படிக் குதித்தேன் என்று இப்போதுதான் புரிகிறது. இது நான்காமவள் தலையாக இருந்துவிட்டால் அன்றைக்கு நான் செய்தது தப்பே இல்லை என்று ஆகிவிடுமே!

மதாம் ரூவோவுக்கு ஒன்றும் தெரியாது. எங்கும் பொருந்தவில்லை என்று சொல்லிப் புதுச் சில்லை ‘இடம் தெரியாதவை’ என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டால் போதும். பாஸ்போர்ட் மேசை அறையில் இருக்கிறது. நாத்தனார் கொடுத்த கம்பளிக் கோட்டை நேற்றுத்தான் வெயிலில் காயப்போட்டேன். நாற்பது குடங்கள்.

மத்தியானம் கஸ்பாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவரிடம் மறைத்தது இது ஒன்றுதான். திட்டுவார் என்று நினைத்தேன், தேற்றுவார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை.

“ஒட்டத்தான ஒன்ன வேலைக்கு வச்சாங்க பெர்னத். நாளைக்கு லீவு. போய் ஒட்டிட்டு வா” என்றார்.

ஜூலை 9, திங்கள்
காலை அளக்கவில்லை. மாலை 170/100. இருக்கட்டும்.

எழுத்து கோணலாகப் போகிறது. எங்கிருந்து தொடங்குவது!

எட்டு மணிக்கே போய்விட்டேன். மாசிலாமணிக்கு முந்தின நாளே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், படம் எடுக்க வர முடியுமா என்றேன். வந்தான், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அசிட்டோனில் நனைத்த பஞ்சை விளிம்பு நெடுகச் சுற்றி, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பசை இளகியதும் திரும்பிப் பார்க்கிறவள் என் கையில் வந்து விழுந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவளை உள்ளங்கையில் வைத்தபோது அழுகை வந்தது. அவள்மேல் எனக்கு அவ்வளவு பாசம். அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது என்று தெரிந்தும் பாசம்.

முதலில் புதுச் சில்லை எடுத்து மூன்றாமவளின் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொண்டுபோனேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அதுவே போயிற்று! ‘டிக்’கென்று ஒரு சின்னச் சத்தம். மாசிலாமணிக்கும் கேட்டது. மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டது. பசையே வேண்டாம் போல. மூன்றாமவள் இப்போது நேராக ஊற்றைப் பார்க்கிறாள், தலைமேல் காலிக் குடம் படுத்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே அதே சில்லில் அவள் வலது கையும் இருந்தது. நான் கழுவாமல் விட்டிருந்த ஓரம். துடைத்தேன். விரல்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு, முன்னால் நீண்டு, விளிம்போடு நின்றுபோயிற்று.

அடுத்து பழைய சில்லை நான்காமவளின் கழுத்தில் வைத்தேன். அன்றைக்கு மாதிரியே அலுங்காமல் உட்கார்ந்தது. நிமிர்ந்த குடம், நிறைகுடம், ஊற்றிலிருந்து வருகிறாள். எல்லாம் சரி.

இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஒருத்தி போகிறாள், ஒருத்தி வருகிறாள், வழியில் சந்தித்துக்கொள்கிறார்கள். திரும்பிப் பார்க்கவே இல்லை யாரும். ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள்! மாசிலாமணிதான் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, “அக்கா, அந்த மூக்குக்கு முன்னால இன்னா அது?” என்றான்.

நான்காமவளின் மூக்குக்கு நேரே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. ஓவியனின் தூரிகை தவறிச் சொட்டியது என்று என் அறிக்கையில் எழுதியிருந்தேன். உருப்பெருக்கியில் பார்த்தேன். சொட்டு இல்லை. இதழ் பிரியாத ஒரு மொட்டு. மூன்று கீறலில் மூன்று இதழ். மூன்றாமவள் கையிலிருந்து கிளம்பும் கோடு அதன் காம்பு. தண்ணீருக்குப் போகிறவள், வருகிறவளின் மூக்குக்கு நேரே ஒரு பூவை நீட்டுகிறாள். வருகிறவள் தலையில் பாரத்தோடு கழுத்தை அசைக்காமல் அதை முகர்கிறாள்.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு அப்புறம் இதை முதலில் பார்த்தது நானும் மாசிலாமணியும்! அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். ஏழு கடல் தாண்டி எத்தனை பேர் இந்தக் குடத்தைக் கையில் எடுத்திருப்பார்கள், ஒருவருக்கும் இது கொடுத்து வைக்கவில்லையே! இப்படி ஒரு பூவைக் கொடுக்க வேண்டுமென்று நினைத்தவனுக்கு என்ன மனசு!

பிறகு சிரிப்பு நின்றது. காம்புக்கும் மொட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அளந்தேன். நாலு மில்லிமீட்டர். பழைய சில்லின் கீழ் இடது மூலை, மழமழவென்று இருந்தது. கப்பலிலிருந்து விழுந்தபோது தப்பித்த காம்பு அது.

ஜூலை 10, செவ்வாய்
162/98.

லூர்துநாதன் சாரிடம் சொன்னேன். டிக்கெட், அஞ்சலட்டை, வாசல் பலகை எல்லாம் அவர் கண்முன் வந்துபோயிருக்கும். தலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பூவைக் காட்டியதும் மனுஷன் எழுந்து நின்றுவிட்டார், அது அவர் நல்ல குணம். இதைவிடப் பெரிய செய்தி உண்டா என்று அறைக்குள் நடந்தார். நாலு மில்லிமீட்டரைக் காட்டியதும் மறுபடி உட்கார்ந்தார்.

பிளாஸ்டர் வைத்து அடைத்து மேலே ஒரு கோடு இழுத்துவிட முடியாதா என்று கேட்டார். முடியும். அரை மணி நேர வேலை, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மாட்டேன் என்றேன்.

“சரி, அடைக்க வேணாம். கப்பல்லேர்ந்து எறக்கும்போது ஒடஞ்சுதுன்னு ஊருக்கே தெரியும். அதோட இதுவும் போவட்டும். நீங்க லியோன் போவணும் மேடம்” என்றார். என்மேல் இருக்கும் அக்கறையில்தான் சொன்னார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கிறேன்.

ஜூலை 11, புதன்
160/100.

இன்னும் யோசிக்கிறேன். கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

ஜூலை 12, வியாழன்

மதாம் ரூவோ ஒல்லியாக, உயரமாக, என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தார். புழுக்கத்தில் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. குடத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துவிட்டார். பூவைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு காட்சியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று மூன்று முறை சொன்னார். அவர் எத்தனை குடம் பார்த்திருப்பார்! நான் அந்தரத்தில் மிதந்தேன். புதுச்சேரிப் பிரெஞ்சு தடுமாறாமல் வந்தது. லியோனில் எந்தெந்தக் குடத்தை எனக்கு முதலில் காட்டுவது என்று விரல் விட்டு எண்ணினார்.

அப்புறம் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு விளிம்பு விளிம்பாகப் போனார். அந்த மூலைக்கு வந்ததும் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிராமலே, இது கப்பல் விபத்தில் போன இழப்பா என்று கேட்டார். லூர்துநாதன் சார் ஆமாம், ஆமாம், கப்பல் என்றார். மதாம் எழுதப் பேனாவை எடுத்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவரே எழுதிக்கொள்வார்.

“இல்லை மதாம். உப்புத்தாள். தேய்த்தது நான்தான்” என்றேன்.

அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். எந்த வருஷம், எத்தனை மில்லி, தெரிந்தே செய்ததா என்று கேட்டார். தெரிந்தே செய்தது என்றேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். என்னை மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. போகும்போது கை மட்டும் கொடுத்தார்.

ஜூலை 13, வெள்ளி
138/86.

மின்னஞ்சலில் கடிதம் வந்துவிட்டது. குடம் லியோனுக்குப் போகிறது. செப்டம்பரில் அங்கிருந்தே ஒரு நிபுணர் வந்து எடுத்துப்போவார். சில்லைத் தேய்த்ததாக ஒப்புக்கொண்டவரின் கையில் இந்தப் பொருளை ஒப்படைக்க விதி இடம் தரவில்லை என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பது குடங்களும் ஒவ்வொன்றாகக் கண்முன் போயின. பார்க்காத குடங்கள் எப்படிக் கண்முன் போகும் என்று கேட்காதீர்கள், போயின. வெளியே வந்தபோது கஸ்பார் புது உப்புத்தாள் வாங்கி வந்து கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, தேயுங்கள் என்றேன்.

ஜூலை 14, சனி

கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு முடிந்த கையோடு கூட்டம் அப்படியே எங்களிடம் வந்துவிட்டது. சட்டையில் மூவண்ணம் குத்திய பெரியவர்கள், குடும்பம் குடும்பமாக ஆட்கள், வியர்வை, சென்ட் வாசனை. குடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்னுடையது. புது அட்டை நானே எழுதியது. கடைசி வரியில் இடைவெளிக்கான காரணமும் என் பெயரும் இருக்கிறது. லூர்துநாதன் சார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார். ஆக்கவில்லை.

நிறையப் பேர் அட்டையைப் படிக்கவில்லை. பழைய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறவள் எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் ஏமாந்துபோனார்கள், ஒருவர் என்னைத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

நாலு மணி இருக்கும். பூ வைத்த இரண்டு பெண்கள் வந்தார்கள், பேச்சிலிருந்து அக்கா தங்கை என்று தெரிந்தது. தங்கை கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்தாள். “இங்க பாருக்கா, தண்ணிக்குப் போற அவசரத்துலயும் மோந்து பாருன்னு பூவ நீட்டுது” என்றாள்.

நான் பக்கத்தில் போய், அந்தக் காம்பில் நாலு மில்லிமீட்டர் இல்லை, பாருங்கள், அதை அழித்தது நான் என்றேன். அன்றைக்கு அதை எத்தனையாவது தடவையாகச் சொன்னேனோ. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி குனிந்து இடைவெளியைத் தேடினாள், கண்டுபிடித்தாள், அங்கிருந்து மொட்டுக்குப் போனாள்.

“ஆமா, இல்லதான். இருந்தாலும் அந்தப் பொண்ணுக்கு வாசம் வந்துடுச்சு” என்றாள்.

சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர் நகரச் சொல்லித் தோளைத் தட்டினார். நகர்ந்து நின்று, அவருக்கும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.